சுவருக்கு இந்தப் பக்கம்

என் போனைக் கொடுத்து "நீங்களே ஒரு பாட்டுப் போடுங்க" என்று யாரிடமாவது சொன்னால், பத்து நிமிடத்தில் போன் கைக்குத் திரும்பி வந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடிக்கு அடுத்து பிளாக் சப்பாத் என்ற ராக் குழு அலறும். அது ஓய்ந்தால் பாப்லோ காசல்ஸின் செல்லோ, பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம். அப்புறம் ஜமைக்காவின் கிங் டப்பி. போன வாரம் ஒரு நண்பர் போனை மேசைமேல் வைத்துவிட்டு, "இது என்ன சார் டேஸ்ட்டு?" என்று கேட்டார். "எல்லாமே கேட்பேன்" என்று சொல்லித் தப்பித்தேன்.

அது பொய். எல்லாம் கேட்கிறவன் இல்லை நான். ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்கிறேன். அது எங்கே கிடைக்கிறதோ அங்கெல்லாம் போகிறேன், அவ்வளவுதான்.

சின்ன வயதில் அண்ணன் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டேப் ரெக்கார்டர் கேட்பான். எனக்கு உள்ளே அனுமதி கிடையாது. சுவர் வழியாகப் பாடகரின் குரல் சரியாக வராது, வயலின் சுத்தமாக வராது. தடிமனான சுவர் மேல்ஸ்தாயியைத் தடுத்துவிடும்; தாழ்ந்த ஒலிதான் ஊடுருவி வரும். நான் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்பேன். காதில் கேட்டதைவிடத் தாடையில் உணர்ந்ததுதான் அதிகம். பெரும்பாலும் இளையராஜா பாட்டுகள். அவர் பாட்டுகளில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிடார் தாளத்துக்குத் துணையாக 'தும் தும்' என்று மட்டும் போகாது. மேலே ஒரு மெட்டு போய்க்கொண்டிருக்க, அது கீழே தன்பாட்டுக்கு இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்த மெட்டு அதுதான். பல வருடம் கழித்து ஒரு பாட்டை முதல்முறையாக முழுதாகக் கேட்டபோது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. எனக்குப் பிடித்த பாட்டுக்குக் குறுக்கே ஒருவர் பாடிக்கொண்டிருந்தார்!

அன்றிலிருந்து எந்த இசையைக் கேட்டாலும் என் காது முதலில் அடித்தளத்துக்குத்தான் இறங்குகிறது. கர்நாடக சங்கீதத்துக்குள் ராகம் தெரிந்து நான் நுழையவில்லை, இன்றும் பாதி ராகங்களைத் தப்பாகத்தான் சொல்வேன். தம்புரா வழியாக நுழைந்தேன். நாலே தந்தி. தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு பருத்தி நூலைச் செருகி, மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். சரியான இடத்தில் நூல் நின்றதும், அதுவரை வெறுமனே 'டொய்ங்' என்ற தந்தி தேனீக்கூடு மாதிரி ரீங்கரிக்கும். கச்சேரி தொடங்கும் முன் நடக்கும் அந்த இரண்டு நிமிடம் எனக்குப் போதும். மிருதங்கத்திலும் அப்படித்தான். எல்லாரும் வலந்தலையில் விழும் சொற்கட்டுகளுக்குத் தலையாட்டும்போது நான் தொப்பிப் பக்கம், அதாவது தாழ்ந்த ஒலி தரும் மறுபக்கம், காத்திருப்பேன். பிசைந்த ரவையை அந்தத் தோலில் அப்பி, கனத்தை ஏற்றித்தான் அந்தக் குரலை வரவழைக்கிறார்கள். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். நாகஸ்வரத்தோடு முன்பெல்லாம் ஒத்து என்ற சுருதிக் குழலை ஊத ஒருவர் இருப்பார். விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது; மூச்சு அறாமல் ஒரே சுரம். முழு நேரமும் ஒரே ஒரு சுரத்தை ஊதிவிட்டுப் போன அந்த மனிதர்களை யார் ரசிகர் மன்றம் வைத்துக் கொண்டாடினார்கள்?

சரி, இதிலிருந்து பிளாக் சப்பாத்துக்கு எப்படி வந்தேன் என்று கேட்கலாம். அதுவும் சுருதி விஷயம்தான். அந்தக் குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் ஒரு தொழிற்சாலை இயந்திரத்தில் மாட்டி, வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர். இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தவேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார். பிறகு 1971-இல் வந்த மூன்றாவது தொகுப்பில் பல பாட்டுகளுக்குத் தந்தியின் முறுக்கைத் தளர்த்திச் சுருதியையே கீழே இறக்கிவிட்டார். அந்த இறக்கத்தில் கிடார் வேறு ஒரு ஜந்துவாகிவிட்டது. 'வெறும் இரைச்சல்' என்பவர்கள் ஒருமுறை அதன் அடியை மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ்வின் செல்லோ தொகுப்புகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். காசல்ஸ் 1890-இல், பதின்மூன்று வயதில், பார்சலோனாவில் ஒரு பழைய கடையில் அந்த ஏடுகளைக் கண்டெடுத்தார். வருடக்கணக்காகத் தனியே பயிற்சி செய்தபிறகே மேடையேற்றினார். ஒலிப்பதிவு செய்ததோ 1936-இலிருந்து 1939 வரை. இதிலும் நாலே தந்தி. பக்கவாத்தியம் கிடையாது. முதல் தொகுப்பின் தொடக்கத்தைக் கவனியுங்கள்: ஒரு தாழ்ந்த சுரம், அங்கிருந்து மேலேறி ஓர் ஆட்டம், மறுபடி அதே தாழ்ந்த சுரம். அது ஒலிப்பது ஒரு கணம்தான். ஆனால் வில் மேலே அலைந்துகொண்டிருக்கும்போதும் காது அதை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. தம்புரா இல்லாத இடத்தில் கேட்கிறவன் தலைக்குள் ஒரு தம்புராவை ஓடவிட்டிருக்கிறார் பாஹ்.

கிங் டப்பி எனக்கு ரொம்ப நெருக்கம். கிங்ஸ்டனில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுதுபார்த்தவர். பதிவான பாட்டுகளை எடுத்து, பாடகரின் குரலை ஏறக்குறைய கழற்றிவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் மட்டும் நிறுத்தி, எதிரொலியைத் தூவி வேறு பாட்டாக்கிவிடுவார். எங்கள் வீட்டுச் சுவர் செய்த வேலையைத்தான் அவர் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். புல்லாங்குழல் எனக்கு ஒட்டவே இல்லை. திட்டுகிறவர்கள் திட்டலாம். விதிவிலக்காக ஒரே ஒருவர், பன்னாலால் கோஷ். அவரும் மூங்கிலை நீளமாக்கிக் குழலைக் கீழ்ஸ்தாயிக்கு இறக்கியவர் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். காது முந்திக்கொண்டது.

இன்னொன்று, பேஸ் பிடிக்கும் என்றதும் ஜன்னல் கண்ணாடி அதிர வைக்கிற கும்பலில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். ஒரு பொத்தானை அழுத்தி எல்லாப் பாட்டையும் ஒரே 'கும்' ஆக்குவதில் என்ன இருக்கிறது? பேஸ் நடக்க வேண்டும், நிற்க வேண்டும், சில இடத்தில் வாயை மூடிக்கொள்ளவும் வேண்டும். போன் ஸ்பீக்கர் இதற்கு நேரெதிர் கொடுமை. பேஸ் கிடாரின் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. அதை அந்தத் துளியூண்டு ஸ்பீக்கர் தரவே முடியாது. மேலே எழும் துணை ஒலிகளை வைத்து மூளைதான் இல்லாத சுரத்தை இட்டுக்கட்டிக் கேட்டுக்கொள்கிறது. நல்ல மூளைதான், ஆனால் தாடை ஏமாறுவதில்லை.

ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனத்துக்காக அறுபதுகளில் வாசித்த பேஸ் கலைஞர். வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டும் கொக்கிபோல வளைத்து மீட்டுவார். அந்த ஒற்றை விரலுக்கு உலகம் முழுக்க ஆடியிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கும் மேலாக இசைத்தட்டு உறைகளில் அவர் பெயரே கிடையாது. 1971-இல் பாடகர் மார்வின் கேயின் தொகுப்பில்தான் அச்சானது.

இப்போது பக்கத்து அறையில் மகள் இருக்கிறாள். இயர்போனில் கேட்பதால் சுவரில் ஒன்றும் வருவதில்லை. நேற்று சும்மா எட்டிப் பார்த்தேன். என்ன நினைத்தாளோ, ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தாள். பெண் குரல், பின்னால் ஏதேதோ பளபளப்பு, அடியில் ஒரு பேஸ் அவசரமே இல்லாமல் படியிறங்கிக்கொண்டிருந்தது.

"பேஸ் யாரும்மா வாசிச்சது?"

"அதெல்லாம் யாருக்குப்பா தெரியும்" என்றாள். ஆனாலும் தேடிப் பார்த்தாள். பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், தயாரித்தவர் பெயர் எல்லாம் இருந்தது.