சியாச்சின் படியில் ஏன் இரண்டு தொகை?

என் சித்தப்பா சட்டைப் பொத்தானை இடது கையால்தான் போடுவார். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. ராணுவத்தில் இருந்தவர். சியாச்சின் பனிமலையில் ஒரு காவல் போஸ்டில் மூன்று மாதம் இருந்தபோது பனிக்கடி. சின்ன வயதில் நான் அதைக் குண்டு பட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவரும் மறுக்கவில்லை.

அதனால் அங்கே இருப்பவர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் தரும் சியாச்சின் படி என்று பேச்சு வந்தாலே காது கொடுத்துக் கேட்பேன். 2017 ஜூலையில் அது ஜவான்களுக்கும், சுபேதார் போன்ற ஜேசிஓக்களுக்கும் மாதம் 14,000 ரூபாயிலிருந்து 30,000 ஆனது. அதிகாரிகளுக்கு 21,000-லிருந்து 42,500. ஏழாவது ஊதியக் குழு சொன்னதைவிட அதிகமாகவே அரசு கொடுத்தது. நல்ல காரியம்தான்.

ஆனால் எதற்கு இரண்டு தொகை? சம்பளம் என்றால் சரி. படிப்பு, பொறுப்பு, சர்வீஸ் எல்லாம் பார்த்துப் போடுகிறார்கள். இது அந்தக் கணக்கே இல்லையே. மைனஸ் 50 வரை இறங்கும் குளிரில், மூச்சுக்குப் பாதிக் காற்றுகூடக் கிடைக்காத உயரத்தில் கிடப்பதற்கான காசு. முட்டை கல்லாகிவிடும், சுத்தியலால் தட்ட வேண்டும் என்பார் சித்தப்பா. மண்ணெண்ணெய் அடுப்புப் புகையில் காறித் துப்பினால் கறுப்பாக வருமாம். கூடாரத்தில் அதிகாரி இருந்தால் அவருக்கும் அதே புகைதான். அதனால் அவருடையதைக் குறைக்கச் சொல்லவில்லை, மற்றவர்களுடையதை ஏற்றுங்கள் என்கிறேன்.

2016 பிப்ரவரி 3. சுமார் 19,600 அடி உயரத்தில் சோனம் போஸ்ட்டைப் பனிச்சரிவு மூடியது. உள்ளே 10 பேர், பெரும்பாலும் மெட்ராஸ் ரெஜிமென்ட், நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஹனுமந்தப்பா என்ற வீரரை மட்டும் நாள் கணக்கில் பனிக்கு அடியில் கிடந்தபின் உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11-ல் அவரும் போய்விட்டார். வீட்டில் எல்லாரும் டிவி முன்னால்தான் கிடந்தோம். அந்தப் பத்துப் பேரில் மூத்தவர் ஒரு சுபேதார். அதாவது, பத்துப் பேருமே குறைந்த தொகைப் பட்டியல்.

இப்போது எட்டாவது ஊதியக் குழு உட்கார்ந்திருக்கிறது. ஒரே தொகையாக்கச் சொல்லி மனு எழுதலாமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அங்கே இருப்பவர்களுக்குப் புது பூட்ஸ் வராமல் பழையதையே சரிசெய்து போட்டார்கள் என்று 2020-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த சிஏஜி (அரசுக் கணக்கைத் தணிக்கை செய்பவர்) அறிக்கையை அவர் இன்னும் மறக்கவில்லை.

"எழுது. மொதல்ல பூட்ஸை எழுது, அப்புறம் காசை எழுது" என்றார்.