என்னிடம் இருந்த கிட்னிக்கு ஊசி கிடைத்தது, தம்பியிடம் இருந்த கிட்னிக்குக் கிடைக்கவில்லை

2018 ஆகஸ்டில் என் இடது கிட்னியைத் தம்பிக்குக் கொடுத்தேன். அவன் இப்போது நன்றாக இருக்கிறான், திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை ஓடிக்கொண்டிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது பாதியில் யாரும் பதற வேண்டாம். ஆனால் 2021-இல் நடந்த ஒன்று இன்னும் என் மனதில் ஆறவில்லை. கொரோனாவை எல்லோரும் மறந்துவிட்ட இந்த நேரத்திலாவது அதை எழுதிவிட வேண்டும்.

அந்த வருடம் மார்ச் 1-ஆம் தேதி, 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் இணைநோய் உள்ளவர்களுக்கும் தடுப்பூசி என்று தொடங்கினார்கள். இணைநோய்ப் பட்டியலில் 20 இருந்தது. கிட்னி மாற்றியவர்கள், மாற்றுக்காகக் காத்திருப்பவர்கள், இரண்டு பேருமே அதில் இருந்தார்கள். அதைப் பார்த்ததும் தம்பிக்கு போன் போட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடுத்து வை, உனக்கு வந்துவிட்டது என்றேன். அப்புறம்தான் மேலே இருந்த வரியைச் சரியாகப் படித்தேன். 45 முதல் 59 வயது வரை. அவனுக்கு அப்போது 37.

ஏப்ரல் 1 முதல் 45 ஆனவர்கள் யாராக இருந்தாலும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு 46. ஒரு கிட்னி இல்லையே தவிர எனக்கு எந்த நோயும் கிடையாது, பிபி மாத்திரைகூட இல்லை. ஆதார் அட்டையைக் காட்டினேன், அரைமணி நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சமைத்தேன். இரண்டு கிட்னியும் என்னுடையவை. என்னிடம் இருந்ததற்கு ஊசி கிடைத்தது, அவன் அடிவயிற்றில் இருந்ததற்குக் கிடைக்கவில்லை. அன்று ராத்திரி எனக்கு வந்த அழுகை ஊசி போட்ட கை வலியால் வந்தது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

கிட்னி மாற்றியவர் வீட்டில் இல்லாதவர்களுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அக்கா கொடுத்ததாக இருந்தாலும் சரி, அம்மா கொடுத்ததாக இருந்தாலும் சரி, அந்தக் கிட்னி உடம்புக்கு வெளியாள்தான். உடம்பில் இருக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கண்டு அழிக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் டேக்ரோலிமஸ், மைக்கோஃபினலேட், கூட ஒரு ஸ்டீராய்டு என்று மாத்திரைகள், கிட்னி வேலை செய்யும் காலம் முழுவதும். டேக்ரோலிமஸை காலை 8, இரவு 8 என்று மணி தப்பாமல் போட வேண்டும். ரத்தத்தில் அதன் லெவல் குறைந்தால் கிட்னி போய்விடும், கூடினால் அந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும். இதில் கொடுமை என்னவென்றால், கிட்னியைத் தாக்க வரும் அதே செல்கள்தான் வைரஸையும் எதிர்த்து நிற்க வேண்டியவை. அவற்றைக் கட்டிப்போட்டுத்தான் அவன் உயிரோடு இருக்கிறான். தடுப்பூசி வேலை செய்யவும் அவையேதான் வேண்டும்.

இந்த விவரம் தெரியாமல் 2020-இல் ஆளாளுக்கு எதிர்ப்பு சக்தி பற்றிப் பேசியது இருக்கிறதே! எங்கள் சித்தப்பா அன்பான மனிதர், ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறைய கபசுரக் குடிநீர் கொண்டுவந்து தம்பி முன்னால் வைத்து, இதைக் குடிடா, எதிர்ப்பு சக்தி ஏறும் என்றார். எதிர்ப்பு சக்தி ஏறக்கூடாது என்பதற்காகத்தான் மாதாமாதம் இத்தனை மருந்து சாப்பிடுகிறான் என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? டாக்டரைக் கேட்காமல் எதுவும் வாயில் போகக்கூடாது என்பது அவனுக்கு முதல் விதி. பம்பளிமாஸ் பழம்கூட டேக்ரோலிமஸ் லெவலை ஏற்றிவிடும், அந்த அளவுக்கு நூல் பிடித்த மாதிரி வாழ்க்கை. சித்தப்பா கோபித்துக்கொண்டு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

2020 ஏப்ரலில்தான் நியூயார்க்கில் மாண்டிஃபியோர் மருத்துவமனை டாக்டர்கள் வெளியிட்ட கணக்கைப் படித்தேன். கொரோனா வந்த 36 கிட்னி மாற்று நோயாளிகளில் சுமார் மூன்று வாரத்துக்குள் 10 பேர் இறந்திருந்தார்கள். இன்னொன்றும் அதில் இருந்தது, காய்ச்சலே 21 பேருக்குத்தான் வந்திருந்தது. நம் ஊரில் அப்போது கடை வாசலில், பேங்க் வாசலில் எல்லாம் நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டி காய்ச்சல் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். இவனைப் போன்றவர்களுக்கு நோய் இருந்தால்கூட அந்தக் கருவியில் தெரியாமல் போகலாம் என்று யார் யோசித்தார்கள்?

மருந்துக்காக சென்னை போக இ-பாஸ் எடுத்ததும், பரனூர் டோல்கேட்டில் வெயிலில் நின்று போலீஸ்காரரிடம் பிரிஸ்கிரிப்ஷனைக் காட்டியதும் தனிக் கதை. அந்தப் போலீஸ்காரர் நல்லவர், எட்டி நின்றே பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

சரி, 2021-க்கு வருகிறேன். ஏப்ரல் கடைசியில் ஒரு உறவினர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். இருமிக்கொண்டே வந்தார். ஏசி பஸ்ஸில் வந்தேன், அதான் தொண்டை கட்டிக்கொண்டது என்றார். தம்பி மாஸ்க் போட்டிருந்தான். பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னப்பா, வீட்டுக்குள்ளேயே மாஸ்க்கா, நாங்கள் என்ன வேற்று ஆளா என்று கேட்டார். தம்பி கூச்சப்பட்டுக் கழற்றிவிட்டான். காபி குடித்து முடிக்கும் நேரம்தான்.

ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு. தெர்மாமீட்டரில் 99.4, அவ்வளவுதான். சாப்பாடு சேரவில்லை என்று நினைத்தோம். எட்டாம் நாள் ஆக்ஸிமீட்டரில் 91. ஒரு மருத்துவமனையில் கிட்னி மாற்றியவர் என்றதுமே, ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போய்விடுங்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். மே மாதத்து நிலவரம் எல்லோருக்கும் நினைவிருக்கும், படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸிலேயே ஆட்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நாட்கள். இன்னொரு இடத்தில் எப்படியோ சேர்த்தோம். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின், ஏறினால் கிட்னிக்குக் கெடுதல், 1.2 இருந்தது 2.3 ஆகியிருந்தது.

அங்கே நெஃப்ரோ டாக்டர், அதாவது கிட்னி டாக்டர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை மறக்க முடியாது. மைக்கோஃபினலேட்டை நிறுத்துகிறோம், டேக்ரோலிமஸையும் குறைக்கிறோம், உடம்பு வைரஸோடு சண்டை போடட்டும், ஆனால் கிட்னியையும் அது தாக்கலாம், அதற்கும் தயாராக இருங்கள் என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். நீங்கள் கொடுத்த கிட்னி என்று அவர் தயங்கினார். நான், கிட்னி போனால் டயாலிசிஸ் இருக்கிறது சார், ஆள் வேண்டும் என்றேன். ஆள் வந்துவிட்டான், பதினாறு நாளில். கிரியேட்டினின் மட்டும் 1.6-க்குக் கீழே இன்றுவரை இறங்கவில்லை. அந்த ஏறிய 0.4 அந்தக் கிட்னியின் ஆயுளில் எத்தனை வருடம் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாது, போடவும் பயம்.

அவனுக்கு முறை வந்தது மே 1 முதல், 18 வயதுக்கு மேல் எல்லோருக்கும் என்று திறந்தபோது. அன்று அவன் வயிற்றுப்போக்கோடு படுத்திருந்தான்.

கூட்டத்தில் ஒருவனுக்குக் கிடைக்காமல் போனது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அதோடு முடியவில்லை. அதே மே மாதம் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு ஒன்று வந்தது. உறுப்பு மாற்றிய 658 பேருக்கு இரண்டு டோஸ் எம்ஆர்என்ஏ ஊசி (ஃபைசர், மாடர்னா வகை) போட்ட பிறகும் 54 சதவீதம் பேருக்குத்தான் எதிர்ப்பணு (ஆன்டிபாடி) உருவாகியிருந்தது. மீதிப் பேருக்கு ஊசி போட்டும் எதிர்ப்பணு தெரியவில்லை. பிரான்ஸில் 101 பேரிடம் பார்த்ததில் இரண்டு டோஸுக்குப் பிறகு 40 சதவீதமாக இருந்தது மூன்றாவது டோஸில் 68 ஆனது. நாம் போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும், வேறு ஊசிகள்தான், ஆனால் தடுப்பூசிக்கு வேலை செய்ய வேண்டிய செல்களைக் கட்டிப்போட்ட உடம்பு எல்லா ஊரிலும் அதே உடம்புதானே. அமெரிக்காவில் 2021 ஆகஸ்டிலேயே உறுப்பு மாற்றியவர்களுக்கு மூன்றாவது டோஸ் அனுமதித்துவிட்டார்கள். இங்கே 2022 ஜனவரி 10-இல் முன்னெச்சரிக்கை டோஸ் என்ற பெயரில் மூன்றாவது டோஸ் வந்தபோது சுகாதாரப் பணியாளர், முன்களப் பணியாளர், 60 தாண்டிய இணைநோய்க்காரர். மறுபடியும் வயது! தம்பிக்கு 2022 ஏப்ரல் 10-க்குப் பிறகுதான், அதுவும் தனியாரில் காசு கொடுத்து.

வயதானவர்களுக்கு முதலில் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. ஊசி குறைவாக இருந்தது, வரிசை வேண்டும்தான். நாடு முழுக்க இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? 2019-இல் எல்லா உறுப்பையும் சேர்த்தே ஒரு வருடத்துக்கு 12,000 சொச்சம் மாற்று ஆபரேஷன்தான் நடந்தது. அவர்களுக்குத் தனி வரியாக, வயது பார்க்காமல், கூட வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்து முதல் நாளே போட்டிருந்தால் யாருடைய ஊசி குறைந்திருக்கும்? வீட்டில் இருப்பவர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். ஊசி அவன் உடம்பில் பாதிதான் வேலை செய்யும் என்றால், அவன் மனைவி, பையன், நான், கடைப் பையன் போட்டுக்கொண்ட ஊசிதான் அவனுக்குக் காவல். அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால், வராமல் இருக்கட்டும், பட்டியல் எழுதும் அதிகாரி மேஜையில் ஒரு நெஃப்ரோ டாக்டர் உட்கார வேண்டும். மருந்து ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் கிடைக்க வேண்டும், அதற்காக இ-பாஸ் எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடக்கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் கொரோனா அவசரநிலை முடிந்தது என்றது. தம்பிக்கு எதுவும் முடியவில்லை. அவனுக்கு ஃப்ளூவும் அதே கதைதான், வருடாவருடம் ஊசி போடுகிறான். நமக்கு வந்து போவது தெரியாத வைரஸ்களே இவர்களுக்குப் பெரிய தலைவலி. பிகே வைரஸ் என்று ஒன்று, நம்மில் பெரும்பாலானோர் உடம்பில் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும், இவர்களுக்கு அது எழுந்தால் மாற்றிய கிட்னியையே அரிக்கும். அதனால் அவன் பேருந்தில், கல்யாண மண்டபத்தில் மாஸ்க் போட்டுத்தான் இருப்பான். தயவுசெய்து இன்னுமா என்று கேட்காதீர்கள். சளி பிடித்திருந்தால் வராதீர்கள், நாங்கள் தப்பாக நினைக்கவே மாட்டோம்.

போன மாதம் சித்தப்பா தெருமுனையில் இருந்தே போன் செய்தார். தொண்டை லேசாகக் கரகரப்பாக இருக்கிறது, வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் கொடுத்தோம். தம்பி திண்ணையில் உட்கார்ந்துகொண்டான். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள், தெருவுக்கே கேட்டிருக்கும்.