எர்லி டிசிஷன் எல்லோருக்கும் ஏற்றதன்று
‘முதல் விருப்பம் எது என்று தெளிவாகிவிட்டால் தயங்காமல் எர்லி டிசிஷனில் விண்ணப்பியுங்கள், இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும்’ என்று அமெரிக்கக் கல்லூரிகளின் எர்லி டிசிஷன் என்னும் முன்கூட்டிய சேர்க்கை முறையைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பதை, நிதியுதவியை நம்பியிருக்கும் குடும்பங்களைப் பொறுத்தவரை என்னால் ஏற்க இயலவில்லை. நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பித்து டிசம்பர் நடுவில் இடம் கிடைத்துவிட்டால், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர வேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை. ஆகவே இரண்டு மூன்று கல்லூரிகள் தரும் உதவித்தொகையை அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பு மாணவருக்கு அமைவதேயில்லை. உதவி போதவில்லையென்றால் விலகிக்கொள்ளலாம் என்று மேலே ஒரு வாசகர் குறிப்பிட்டிருப்பது உண்மைதான், ஆனால் வேறெந்தக் கல்லூரியின் உதவித்தொகைக் கடிதமும் கையில் இல்லாத நிலையில்தான் அந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கும். மேலும், பயிற்சியாளர்கள் முன்பே தெரிவுசெய்துவிட்ட விளையாட்டு வீரர்களும் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் பல கல்லூரிகளில் இச்சுற்றிலேயே விண்ணப்பிப்பதால், அதன் உயர்ந்த சேர்க்கை விகிதம் சாதாரண விண்ணப்பதாரருக்கு அப்படியே பொருந்தாது. முன்கூட்டிய சேர்க்கை வசதி படைத்தோருக்கே சாதகமாகிறது என்று கூறி 2006-இல் அதைக் கைவிடுவதாக ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் அறிவித்தன என்பதையும் (2011-இல் மீண்டும் கொண்டுவருவதாக அறிவித்தது வேறு விஷயம்) கட்டுரை சொல்லியிருக்கலாம். எங்கள் மகள், இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடில்லாத எர்லி ஆக்‌ஷன் வழியே இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். எங்கே சேர்வது என்று முடிவுசெய்ய மே 1 வரை அவகாசம் இருந்ததால், ஏப்ரலில் வந்த வேறொரு கல்லூரியின் உதவித்தொகைக் கடிதத்தை இணைத்து மறுபரிசீலனை கோரினோம், அவள் விரும்பிய கல்லூரி தன் தொகையை உயர்த்தியது.