அத்தானின் செருப்பு அலமாரி

(கோவை கணபதியில் ஒரு வீடு. கார் வாங்கும் நினைப்பில் போட்ட கொட்டகைக்குள் கார் மட்டும் வரவில்லை. துளை போடும் மெஷின், வட்ட ரம்பம், இழைப்புளி, வைஸ் எல்லாம் வந்து புத்தம் புதிதாக இருக்கின்றன. தபால் துறையில் ஓய்வுபெற்ற அத்தான் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவியின் தம்பி, லேத் பட்டறைக்காரர், உள்ளே நுழைகிறார்.)

மாப்பிள்ளை: அத்தான், அக்காவின் செருப்பு அலமாரி எந்த அளவில் இருக்கிறது?

அத்தான்: எந்த மென்பொருளில் வரைவது என்ற அளவில் இருக்கிறது.

மாப்பிள்ளை: பொங்கலுக்கு வந்தபோதும் இதையேதான் சொன்னீர்கள். இப்போது ஆடி பிறந்துவிட்டது.

அத்தான்: ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, மாப்பிள்ளை. தள்ளுபடியில் வாங்கத்தான் செய்யலாம். உங்கள் பட்டறையில் வரைகிறீர்களே, அந்த சாலிட்வொர்க்ஸ் என்ன விலை?

மாப்பிள்ளை: பட்டறைக்கு வாங்கும் விலையைக் கேட்டால் உங்கள் பென்ஷன் தலை சுற்றி விழுந்துவிடும். வீட்டில் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று விற்கிறார்கள். 48 டாலர்.

அத்தான்: நாலாயிரம் சொச்சம். சரி, ஒரு தடவை கொடுத்துத் தொலைக்கலாம்.

மாப்பிள்ளை: ஒரு தடவை இல்லை, வருடா வருடம். சந்தா.

அத்தான்: ஊரெல்லாம் வாரப் பத்திரிகைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த துறையில் இருந்தவன் நான். சந்தா கட்டியவன் நிம்மதியாக இருந்து பார்த்ததில்லை. காசில்லாதது எது?

மாப்பிள்ளை: ஃபியூஷன் இருக்கிறது. அதில் வரைந்து செய்வதை வைத்து வருடத்துக்கு ஆயிரம் டாலருக்குள் சம்பாதிக்கிற பொழுதுபோக்குக்காரர்களுக்கு இலவசம்.

அத்தான்: உன் அக்காவிடமிருந்து இதுவரை ஒரு ரூபாய் பெயரவில்லை. தகுதி இருக்கிறது.

மாப்பிள்ளை: ஆனால் திருத்தக்கூடிய நிலையில் பத்து கோப்புதான் வைத்துக்கொள்ளலாம். பதினோராவது வேண்டுமென்றால் பழையதில் ஒன்றைப் பரணில் போட வேண்டும். போட்டதைப் பார்க்கலாம், தொட முடியாது.

அத்தான்: உன் அக்காவின் பித்தளைப் பாத்திரம் மாதிரி.

மாப்பிள்ளை: நீங்கள் ஒன்றுகூட வரையவில்லையே, பத்து போதாதா?

அத்தான்: போதும். ஆனாலும் பதினொன்றாவதை நினைத்தால் இப்போதே தூக்கம் வராது. அடுத்தது?

மாப்பிள்ளை: ஆன்ஷேப். எதையும் நிறுவ வேண்டாம், உலாவியிலேயே ஓடும். இலவசக் கணக்கில் வரைவதெல்லாம் பொதுவில் கிடக்கும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

அத்தான்: அதாவது அஞ்சல் அட்டை.

மாப்பிள்ளை: அதேதான். இன்லேண்டு லெட்டராக வேண்டுமென்றால் காசு.

அத்தான்: அஞ்சல் அட்டையைப் படிக்கக் கூடாது என்பது நியாயம். படிக்காமல் கொடுத்த தபால்காரர் யாரும் இல்லை என்பது அனுபவம். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் செய்துவிட்டால்?

மாப்பிள்ளை: இந்த வேகத்தில் போனால், அவர் மரக்கன்று நட்டே முந்திவிடுவார்.

(அத்தான் இதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.)

அத்தான்: பேத்தி ஒன்று காட்டினாள். டிங்கர்கேட். கட்டைகளை இழுத்து ஒட்டினால் போதும். அலமாரி வரைய உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை: வந்ததா?

அத்தான்: ஒட்டகம் வந்தது. நன்றாகவே வந்தது. ஓப்பன்ஸ்கேட் என்று இன்னொன்று. அதில் கோடே கிழிக்க முடியாது. இத்தனை நீளம், இத்தனை அகலம் என்று எழுதிக் கொடுத்தால் அது வரைந்து தருகிறது. முப்பது வருடம் மேலிடத்துக்கு மனு எழுதியாகிவிட்டது, மாப்பிள்ளை. இனி பலகைக்குமா?

மாப்பிள்ளை: அப்படியானால் ஃப்ரீகேட்தான். முழுக்க இலவசம். சந்தா இல்லை, பத்துக் கணக்கு இல்லை. இணையம் போனாலும் ஓடும், கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். 2002இல் தொடங்கியது. 2024 நவம்பரில்தான் 1.0 என்று எண் கொடுத்தார்கள்.

அத்தான்: 22 வருடமா! என்னைத் தாமதம் என்கிறாய். இதையும் நிறுவிப் பார்த்தேன். சதுரம் போட்டால் "இன்னும் நான்கு சுதந்திரம் பாக்கி" என்கிற மாதிரி ஏதோ சொன்னது. பயந்து மூடிவிட்டேன்.

மாப்பிள்ளை: அது மிரட்டல் இல்லை, அத்தான். கோடு எந்தப் பக்கம் நகரலாம் என்பதைச் சொல்கிறது. நீளத்தைக் கட்டுங்கள், அகலத்தைக் கட்டுங்கள், மூலையை ஓர் இடத்தில் கட்டுங்கள். ஒன்றும் அசைய முடியாது என்று ஆனதும் கோடெல்லாம் பச்சையாக மாறும்.

அத்தான்: எனக்குக் கல்யாணத்திலிருந்தே பச்சைதான்.

மாப்பிள்ளை: அக்கா உள்ளேதான் இருக்கிறாள்.

அத்தான்: (குரலைத் தாழ்த்தி) மேலே சொல்.

மாப்பிள்ளை: பெரிய வசதி இதுதான். உயரம், அகலம், பலகைக் கனம் எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில் எழுதிப் பெயர் வைத்துவிட்டால், ஓர் எண்ணை மாற்றினால் அலமாரி முழுவதும் தானே மாறும். பழைய பதிப்புகளில் இப்படி மாற்றினால், பலகையின் ஒவ்வொரு முகத்துக்கும் மென்பொருள் வைத்திருக்கும் எண் குழம்பி, இங்கே போட்ட துளை அங்கே போய் நிற்கும்.

அத்தான்: பழைய கதவு எண், புதிய கதவு எண்! அதில் தொலைந்த மணியார்டர்கள் எத்தனை தெரியுமா?

மாப்பிள்ளை: 1.0இல் அதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். வரையுங்கள். ஆழம் எவ்வளவு?

அத்தான்: எட்டுக்கு நாலு ப்ளைவுட். நாலடியை நாலாகப் பிரித்தால் 12 அங்குலம். மனக்கணக்கு.

மாப்பிள்ளை: ரம்பம் சும்மா இருக்குமா? ஒவ்வோர் அறுப்பிலும் 3 மில்லிமீட்டரைத் தின்னும்.

அத்தான்: ஆசாரிக் கணக்கில் சொல்.

மாப்பிள்ளை: கிட்டத்தட்ட ஒரு நூல். நாலு பட்டைக்கு மூன்று அறுப்பு. கடைசிப் பட்டை இரண்டரை நூலாவது குறையும்.

(அத்தான் அட்டவணையில் 12ஐ அழித்து 11.75 என்று தட்டுகிறார். தட்டுகள், பக்கப் பலகைகள், எல்லாம் ஒருசேரச் சுருங்குகின்றன. திரையை இப்படிப் பார்க்கிற ஆளைப் பிரசவ வார்டு வாசலில்தான் பார்த்திருக்கிறேன்.)

அத்தான்: எல்லாமே மாறிவிட்டது! ஒரே ஓர் எண்!

மாப்பிள்ளை: அகலம் 36 என்று போட்டிருக்கிறீர்கள். அக்காவிடம் எத்தனை ஜோடி என்று கேட்டீர்களா?

அத்தான்: செருப்பு அலமாரியில் கேட்க என்ன இருக்கிறது? இரு, வருகிறேன்.

(போய்விட்டு வருகிறார்.)

அத்தான்: பேத்தியின் பள்ளி ஷூ வேண்டுமாம். அகலம் 42. பரவாயில்லை, ஓர் எண்தானே. பார், மாறிவிட்டது! இதைக் காட்டிவிட்டு வருகிறேன்.

(மடிக்கணினியோடு போகிறார். கொஞ்சம் மெதுவாக வருகிறார்.)

அத்தான்: ஈரக் குடை நிற்க இடம் வேண்டுமாம். உயரம் 44. நியாயம்தான். விருந்தாளிகளுக்கு ஐந்தாவது தட்டு. அதுவும் நியாயம்தான்.

(உள்ளேயிருந்து கூப்பிடும் குரல். போகிறார். வர நேரமாகிறது.)

மாப்பிள்ளை: இப்போது என்ன அத்தான்?

அத்தான்: அகலம் 50.

மாப்பிள்ளை: பக்கப் பலகைகளைக் கழித்தாலும் தட்டு 48 அங்குலத்தைத் தாண்டிவிடும். எட்டடிப் பட்டையில் இரண்டு விழாது. ஐந்து தட்டுக்கு இன்னொரு ப்ளைவுட் வாங்க வேண்டும். சொன்னீர்களா?

அத்தான்: சொன்னேன். "எண்ணை மாற்றினால் தானே மாறும் என்று நீங்கள்தானே காட்டினீர்கள், மாற்றுங்கள்" என்கிறாள்.

(மீண்டும் உள்ளிருந்து குரல். "கோலமாவு டப்பா" என்பது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அத்தான் எழுந்திருக்கவில்லை.)

அத்தான்: மாப்பிள்ளை, ஒரு தடவை போட்ட எண்ணை மாற்றவே விடாத மென்பொருள் ஏதாவது இருக்கிறதா?

மாப்பிள்ளை: எதற்கு?

அத்தான்: சந்தா எவ்வளவு என்று கேள். கட்டிவிடுகிறேன்.