அந்த ஆய்வு சொன்னது நேர்மாறு

"நிறைய பேர் இங்கே குப்பை போடுகிறார்கள் என்று பூங்கா போர்டில் எழுதினால் மக்கள் கூச்சப்பட்டுத் திருந்துவார்கள், அமெரிக்க ஆய்விலேயே இருக்கிறது" என்று மேலே ஒரு நண்பர் போட்டிருக்கிறார். மன்னிக்கணும், அந்த ஆய்வு சொன்னது இதற்குத் தலைகீழ்.

உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழு அமெரிக்காவின் அரிசோனாவில் செய்தது அது. நம்ம திருவக்கரையில் இருப்பது மாதிரியான கல்மரங்கள், அதாவது கல்லாகவே மாறிப்போன பழங்கால மரங்கள், உள்ள தேசியப் பூங்கா. பாதையோரம் அடையாளமிட்ட கல்மரத் துண்டுகளைப் போட்டுவிட்டு, போர்டை மட்டும் மாற்றி மாற்றி வைத்தார்கள். "இதற்கு முன் வந்த பலர் எடுத்துப் போயிருக்கிறார்கள்" என்ற போர்டு இருந்தபோது சுமார் 8% துண்டுகள் காணாமல் போயின. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்றபோது 2%கூட இல்லை. காரணம் எளிது: ஊரே எடுக்குது, நாம் ஒன்று எடுத்தால் என்ன என்ற எண்ணம்தான்.

அது நகரப் பூங்கா இல்லை, குப்பையைப் பற்றியதும் இல்லை. அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் முடிவுக்கு அது சாட்சி ஆகாது.

எங்கள் தெருப் பூங்காவில் "மீறினால் சட்டப்படி நடவடிக்கை" போர்டின் காலடியிலேயே டீ கப் கிடக்கும். குளத்தருகே யாரோ அட்டையில் கையால் எழுதியது வேறு ரகம்: "உள்ளே ஆமை இருக்கு, பொரி கவரைப் போடாதீங்க." அதைப் படித்த குழந்தைகள் கவரை மறந்துவிட்டு ஆமையைத் தேடிக்கொண்டிருந்தன.