மன்னிப்பு யாரிடம் கேட்கப்பட்டது?

ஆப்பிரிக்காவில் தன் காலனியாக இருந்த நமீபியாவில் நடந்தது இனப்படுகொலைதான் என்று ஜெர்மனி 2021இல் ஒப்புக்கொண்டதோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்ற தொனியில், அதைப் பற்றி நான் படித்த கட்டுரை முடிகிறது. என்னால் இதை ஏற்க முடியவில்லை.

1904 அக்டோபரில் அங்கிருந்த ஜெர்மன் படையின் தளபதி லோதர் ஃபொன் டிரோத்தா, ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்நாட்டுப் பூர்வகுடிகளான ஹெரேரோ மக்கள் ஒவ்வொருவரும் சுடப்படுவார் என்று எழுத்திலேயே ஆணையிட்டார். ஒமாஹெகே பாலைக்குள் விரட்டப்பட்டவர்கள் தண்ணீரின்றி மடிந்தார்கள். பிடிபட்டவர்களுக்கு முகாம்கள். அங்கே இறந்தவர்களின் தலைகளில் ஒட்டியிருந்த சதையைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுக்கும் வேலையைச் சிறைப்பட்ட பெண்களிடமே கொடுத்தார்கள். எந்தத் தலை யாருடைய கணவனுடையதோ! அந்த மண்டையோடுகள் ஆய்வு என்ற பெயரில் ஜெர்மனிக்குக் கப்பலேறின. முதல் தொகுதி ஊர் திரும்பியது 2011இல்தான்.

30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாக 2021இல் சொன்னார்கள். அதற்கு இழப்பீடு என்று பெயர் வைக்க மட்டும் மனமில்லை. பேச்சுவார்த்தை ஜெர்மனி, நமீபியா என்ற இரு அரசுகளுக்கு இடையே நடந்தது. எங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஹெரேரோக்களும், அவர்களைப் போலவே கொல்லப்பட்ட நாமா இனத்தவருமான தலைவர்கள் பலர் அப்போதே எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்த முகாம்களில் ஒன்று இருந்த நமீபியாவின் ஷார்க் தீவு, சுற்றுலாப் பயணிகள் கூடாரமடித்துத் தங்கும் இடமாகிப் போனதைப் பற்றியும் இல்லை.