கொடைக்கானல் படத்தில் ஸ்வெட்டர் போட்டு நிற்பவர் யார்?

பழைய டூர் படங்களை ஸ்கேன் பண்ணி வைக்கணும் என்று எல்லா வீட்டிலும் பேசுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், அது இரண்டாவது வேலை. முதல் வேலை, படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், எந்தப் பயணம் என்று எழுதுவது. ஸ்கேனர் அடுத்த வருடமும் கிடைக்கும். ஏரிக்கரையில் அம்மாச்சிக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டு நிற்பவர் ஒன்றுவிட்ட சித்தப்பாவா, வேன் டிரைவரா என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போதே எண்பது வயது தாண்டிவிட்டது. இந்தக் கோடை விடுமுறையிலேயே அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "அப்பத்தா, இது எந்த வருசம்?" என்றால் பதில் வராது. "அப்ப யாரு கைக்குழந்தையா இருந்தா? ரயில்ல போனீகளா, வேன்லயா? எங்க தங்குனீக? சோறு கட்டிட்டுப் போனீகளா?" என்று கேட்டால் வரிசையாக வரும். போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் கொடுத்து, பேச்சுக்கு முன்னால் "இருபத்தி மூணாம் நம்பர் படம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பிறகு கேட்கும்போது எந்தப் படத்தைப் பற்றிய பேச்சு என்றே தெரியாது. ஒரு தடவைக்கு இருபது, இருபத்தைந்து படம் போதும். அதற்கு மேல் போனால் அவர்கள் அலுத்துப்போய் "ஆமா, ஆமா" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள்.

வருடம் யாருக்கும் நினைவில்லையா? படத்தின் பின்னணியைப் பாருங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் மண்டபம் இருந்து வள்ளுவர் சிலை இல்லையென்றால் 1970க்குப் பிறகு, 2000க்கு முன். சிலையைச் சுற்றிச் சாரம் தெரிந்தால் தொண்ணூறுகள். பாம்பனில் பஸ் போகும் பாலத்தில் நின்று எடுத்தது என்றால் 1988 அக்டோபருக்கு முன் இருக்கவே முடியாது. கொடைக்கானல் மலைச்சரிவு முழுக்க நீலக்குறிஞ்சி பூத்திருந்தால் பெரும்பாலும் 1994, 2006, 2018 இந்த மூன்றில் ஒன்று. வெளிநாட்டுப் படங்களுக்கும் இதே வழிதான். மலேசியா பத்துமலையில் பெரிய தங்க நிற முருகன் 2006இல் வந்தார். 272 படிகளுக்கும் வண்ணம் அடித்தது 2018இல். சிங்கப்பூரில் மூன்று கோபுரத்தின் தலையில் கப்பல் உட்கார்ந்த கட்டடம் தெரிந்தால் 2010 அல்லது அதற்குப் பிறகு.

ஸ்டூடியோ கவரில் இருக்கும் தேதியை நம்பி எழுதிவிடாதீர்கள். அது பிலிம் கழுவிய தேதி. மே மாதக் குற்றாலத்தில் பாதி ரோல் தீர்ந்து, மீதி தீபாவளிக்குத்தான் தீர்ந்திருக்கும். 36 படமும் முடியாமல் யாரும் கழுவக் கொடுத்ததில்லை.

அதனால்தான் நெகட்டிவ்களைத் தூக்கிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் துளை வரிசையை ஒட்டி 11, 11ஏ, 12, 12ஏ என்று சின்ன எண்கள் ஓடும். எடுத்த வரிசை அதுதான். ஆல்பத்தில் கலைந்து கிடக்கும் ஒரு பயணத்தை, காலையில் வைகை அணை, மதியம் சாப்பாடு, சாயங்காலம் மலை ஏறியது என்று அதை வைத்தே திரும்ப அடுக்கிவிடலாம். படம் கிழிந்தோ நிறம் சிவந்தோ போயிருந்தால், நெகட்டிவிலிருந்து எடுப்பது பெரும்பாலும் நன்றாக வரும்.

அடுத்தது ஆல்பம். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பசைக் கோடுகள் மேல் படத்தை வைத்து மூடுவோமே, அந்த வகைதான் படங்களுக்கு எமன். பசை பழுத்து மஞ்சளாகிப் படத்தில் ஏறிவிடும். மூலையைப் பிடித்து இழுத்தால் படம் மடங்கி முறியும். டென்டல் ஃப்ளாஸை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு படத்துக்கு அடியில் விட்டு, இடமும் வலமுமாக மெதுவாக அறுத்துக்கொண்டே போக வேண்டும். நகராவிட்டால் பக்கத்தின் பின்புறம் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் அரை நிமிடம் காட்டுங்கள். முதலில் வேண்டாத ஒரு படத்தில் செய்து பார்ப்பது நல்லது. அப்படியும் வராவிட்டால் விட்டுவிட்டு, பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஈரத்தில் இளகி ஒட்டியது படத்தின் மேல்தோல். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு ஸ்கேனரில் கவிழ்த்து வைக்கலாம்.

பின்பக்கம் எழுத பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். ஜெல் பேனா அடுத்த படத்தில் ஒட்டும். பழைய கறுப்பு வெள்ளைத் தாளுக்கு 2பி பென்சில் போதும். வழவழப்பான கலர் பிரிண்டில் பென்சில் பிடிக்காது. மெல்லிய சிடி மார்க்கரால் ஓரத்தில் எழுதி, பத்து நிமிடம் காயவிட்டு அடுக்குங்கள்.

ஸ்கேன் அளவு: பிரிண்டுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), நெகட்டிவுக்கு 2400க்குக் குறையாமல். கோப்புக்கு வருடம், மாதம், ஊர் என்ற வரிசையில் பெயர் வையுங்கள், தானாக அடுக்கிக்கொள்ளும். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் இப்போது நிறைய. அவை இல்லாத கண்ணையும் உதட்டையும் தாமாக வரைகின்றன. ஆசைக்குச் செய்து பாருங்கள், ஆனால் அதைத் தாத்தா படம் என்று சேமித்து, அசலை அழித்துவிடாதீர்கள்.

போன் காலத்துப் படங்களுக்கு வேறு சிக்கல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும். கோப்பின் பெயரில் இருக்கும் தேதி வாட்ஸ்அப்பில் வந்த தேதி, எடுத்ததல்ல. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாடு போகும்போது போன் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும், கேமரா பெரும்பாலும் மாற்றாது. சிங்கப்பூர், மலேசியா என்றால் இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் இரண்டும் கலந்து, இரவுச் சாப்பாடு மாலை நடைக்கு முன்னால் வந்து நிற்கும். பயணத் தேதிக்குப் பழைய பாஸ்போர்ட்டின் முத்திரைகளே சாட்சி. சிங்கப்பூரில் இப்போது முத்திரை கிடையாது, மின்னஞ்சலில் வரும் இ-பாஸ் என்ற நுழைவு அனுமதி மட்டும். அந்த மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். ஹோட்டல் பில், பஸ் டிக்கெட்டெல்லாம் பெரும்பாலும் சூட்டில் எழுத்து பதியும் வெப்பத்தாள், சில மாதத்தில் வெளுக்கும். லேமினேட் செய்தால் சூட்டில் மொத்தமாகக் கறுத்துவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுவதுதான் வழி.

வீடியோ கேசட்டின் ஜன்னலில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. ஓட்டிப் பார்க்காமல் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். விசிடி என்றால் உள்ளே 'எம்பெக்ஏவி' (MPEGAV) ஃபோல்டரில் .DAT என்று முடியும் கோப்பைக் கணினிக்கு நகல் எடுத்தாலே போதும்.

இந்த வேலைகளைச் சித்திரை, வைகாசியில் முடித்துவிடுங்கள். ஐப்பசி ஈரத்தில் ஆல்பத்தைத் திறந்தால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். வைப்பதற்குப் பரண் கூடாது, நம்ம ஊர் வெயிலில் தளச் சூடு அப்படியே இறங்கும். தரையும் கூடாது, கரையான். உள்ளறை பீரோவின் நடுத்தட்டில், வெளிச்சுவரில் ஒட்டாமல், நாலைந்து சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஸ்கேன் செய்ததில் ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று இணையச் சேமிப்பில், இன்னொன்று வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கட்டும். மூன்றிலும் பெயர்ப் பட்டியலும் அப்பத்தாவின் குரல் பதிவும் சேர்ந்தே இருக்க வேண்டும்.